'தி வயர்' தொடர் டிவிடியிலும் ப்ளூ-ரேயிலும்: சேலத்துப் பார்வையாளர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு வீட்டு மாடியறையில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஏழு பேர் கூடி, 'தி வயர்' என்ற அமெரிக்கக் காவல்துறைத் தொடரின் 60 எபிசோடுகளையும் பார்த்து முடித்தோம். முடிக்க ஒன்றரை ஆண்டு ஆயிற்று. பழைய டிவிடித் தொகுப்பும் பின்னர் வெளிவந்த ப்ளூ-ரே தொகுப்பும் கையில் இருந்ததால், பல காட்சிகளை இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, விடிய விடிய வாதிட்ட நாட்களும் உண்டு. அதைக் கேள்விப்பட்ட நண்பர்களும் உறவினர்களும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே பதில்களோடு தொகுத்திருக்கிறேன். கருத்து வேறுபட்ட இடங்களில் யார் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்திருக்கிறேன்.

தொடர் எதைப் பற்றியது? புதிதாகப் பார்ப்பவர் என்ன எதிர்பார்க்கலாம்?

எச்பிஓ தொலைக்காட்சியில் 2002 ஜூன் முதல் 2008 மார்ச் வரை ஐந்து சீசன்களாக ஒளிபரப்பான தொடர் இது. கதை நடக்கும் இடம் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம். தொடரை உருவாக்கிய டேவிட் சைமன் 'பால்டிமோர் சன்' நாளிதழில் குற்றச் செய்தியாளராக இருந்தவர். உடன் எழுதிய எட் பர்ன்ஸ் அதே நகரத்தில் கொலை வழக்குகளைத் துப்பறிந்த காவலராகவும், பிறகு பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். முதல் சீசன் ஒரு போதைப்பொருள் கும்பலையும் அதன் தொலைபேசிகளை ஒட்டுக்கேட்கும் சிறிய காவல் குழுவையும் காட்டுகிறது. அடுத்தடுத்த சீசன்களில் துறைமுகம், நகர அரசியல், பள்ளிக்கூடம், நாளிதழ் அலுவலகம் என்று கதை விரிந்துகொண்டே போகிறது.

ஒவ்வோர் எபிசோடிலும் ஒரு குற்றம் நடந்து, அன்றைக்கே முடிச்சு அவிழ்வதை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றமே மிஞ்சும். யார் எவர் என்று பிடிபடவே மூன்று நான்கு எபிசோடுகள் ஆகும். எங்களில் இருவர் இரண்டாவது வாரமே வரமாட்டோம் என்று சொல்லிவிட்டு, ஐந்தாவது வாரத்தில் மற்றவர்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

டிவிடிக்கும் ப்ளூ-ரேக்கும் உண்மையில் என்ன வேறுபாடு?

தெளிவு கூடியிருக்கிறது என்பது முதல் வேறுபாடு. அமெரிக்க டிவிடியின் படம் 720-க்கு 480 புள்ளிகளால் ஆனது. ப்ளூ-ரேயின் படம் 1920-க்கு 1080. கணக்குப் போட்டால் சரியாக ஆறு மடங்கு. தொடர் முழுவதும் 35 மி.மீ. ஃபிலிமில் எடுக்கப்பட்டது என்பதால், பழைய டிவிடியில் தெரியாத நுணுக்கங்கள் நெகட்டிவில் இருந்தன. எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ் ரீல்களிலிருந்து படத்தைப் புதிதாக எடுத்ததாக எச்பிஓ அறிவித்தது.

இரண்டாவது வேறுபாடுதான் சண்டைக்குக் காரணம். தொடர் எடுக்கப்பட்டதும் ஒளிபரப்பானதும் 4:3 அளவில், அதாவது நம் வீடுகளில் இருந்த பழைய குழல் டிவிப் பெட்டியின் வடிவத்தில். அகலத்திரை வழக்கத்துக்கு வந்த பிறகும், முதல் சீசனோடு பின்னவை பொருந்த வேண்டும் என்பதற்காக அந்த வடிவத்தையே கடைசி வரை வைத்துக்கொண்டார்கள். டிவிடியில் இருப்பது அதுதான். ப்ளூ-ரேக்காகப் படத்தை 16:9 அளவுக்கு, அதாவது இன்றைய அகலத்திரை டிவியின் வடிவத்துக்கு, மாற்றினார்கள். ஃபிலிமின் பக்கங்களில் பதிவாகியும் திரைக்கு வராமல் இருந்த பகுதியைத் திறந்துவிட்டார்கள். தேவைப்பட்ட ஷாட்டுகளில் மேலும் கீழும் வெட்டினார்கள். பக்கங்களைத் திறந்தபோது எட்டிப் பார்த்த ஆட்களையும் கருவிகளையும் கணினியில் அழித்தார்கள். புதிய வடிவம் 2014 டிசம்பர் 26-ஆம் தேதி முதல் எச்பிஓவின் துணைச் சானலில் தொடர்ச்சியாக ஒளிபரப்பானது. ப்ளூ-ரே 2015 ஜூன் 2-ஆம் தேதி வெளிவந்தது.

உங்கள் குழுவில் யாருக்கு எது பிடித்தது?

நால்வர் ப்ளூ-ரே பக்கம், மூவர் டிவிடி பக்கம். நான் மூவரில் ஒருவன்.

ப்ளூ-ரேயை மிக உறுதியாக ஆதரித்தவர் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன். லெஸ்டர் ஃப்ரீமன் என்ற துப்பறியும் காவலர், திறமைசாலியாக இருந்தும் மேலதிகாரிகளின் கோபத்தால் பதின்மூன்று ஆண்டுகள் அடகுக்கடைப் பிரிவில் ஒதுக்கிவைக்கப்பட்டவர். மேசையில் குனிந்து உட்கார்ந்து, பொம்மை வீட்டுக்கான குட்டி மரச்சாமான்களைச் செதுக்கிக்கொண்டே இருப்பார். டிவிடியில் அந்தக் குட்டிச் சாமான் ஒரு பழுப்புத் துண்டாகத்தான் தெரிகிறது. ப்ளூ-ரேயில் அதை அவர் விரல்நுனியில் திருப்பிப் பார்க்கும் விதமும் கண்ணாடிக்கு மேலே அவர் பார்வை நிற்கும் இடமும் தெளிவாகத் தெரிகின்றன. அண்ணன் அந்த இடத்தில் படத்தை நிறுத்தச் சொன்னார். முப்பது ஆண்டுகளாகத் திருகாணியும் சலங்கை முத்தும் பற்றவைத்த கை அவருடையது. "இந்த ஆளு சும்மா பொழுதுபோக்கா செதுக்கல, கை வேலையில்லாம இருந்தா மனசு விட்டுப்போயிடும்னு செதுக்கறாரு" என்றார். அந்தக் கதாபாத்திரத்தைப் பற்றி நான் கேட்ட பேச்சிலேயே சரியானது அதுதான். அது டிவிடியைப் பார்த்து வந்த பேச்சு அல்ல என்பதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

டிவிடியின் பக்கம் நின்றவர்களில் மூத்தவர் எழுபது வயதைக் கடந்த ஒரு ஐயா. சேலத்தின் பழைய திரையரங்கு ஒன்றில் ஆபரேட்டராக இருந்தவர். புரொஜெக்டரில் ஃபிலிம் ஓடும் வாயிலில் ஒரு தகடு இருக்கும், படத்தின் எந்தப் பகுதி திரைக்குப் போக வேண்டும் என்பதை அந்தத் தகட்டின் துவாரம்தான் முடிவு செய்யும், தகடு மாறினால் நடிகரின் தலை வெட்டுப்படும் அல்லது மேலே தொங்கும் மைக் தெரிந்துவிடும் என்று விளக்கினார். திரைக்கு வராத பகுதியும் ஃபிலிமில் இருக்கிறது என்பதாலேயே அது படத்தைச் சேர்ந்தது ஆகிவிடாது என்பது அவருடைய வாதம். கேமராமேன் வேண்டாம் என்று ஒதுக்கிய இடத்தைத் திறந்து காட்டிவிட்டு, அதில் தெரிந்த ஆட்களையும் அழித்தால், இப்போது திரையில் இருப்பது யார் எடுத்த படம் என்று கேட்டார். அறையில் யாரும் பதில் சொல்லவில்லை.

அவர் சொன்னது முதல் சீசனின் மூன்றாவது எபிசோடில் எனக்குப் புரிந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பின் முற்றத்தில் டி'ஆஞ்சலோ என்ற இளைஞன், தனக்குக் கீழே போதைப்பொருள் விற்கும் இரண்டு பையன்களுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுக்கிறான். ராஜா எப்படி நகர்வார், சிப்பாய்கள் ஏன் சீக்கிரம் சாகிறார்கள் என்று அவன் சொல்லச் சொல்ல, பையன்கள் தங்கள் பிழைப்பையே அந்தப் பலகையில் பார்க்கிறார்கள். 4:3 சட்டகத்தில் மூன்று தலைகளும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. அவர்களுக்குத் தப்பிக்க இடமில்லை என்று கண்ணே சொல்லிவிடுகிறது. அகலமான வடிவத்தில் இருபுறமும் முற்றம் விரிந்து காற்று வந்துவிடுகிறது. காட்சி கெட்டுவிட்டது என்று சொல்லமாட்டேன். மூச்சு முட்டுவது குறைந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் காட்சிக்கு மூச்சு முட்ட வேண்டும்.

படைப்பாளியே ஒப்புக்கொண்டபோது நீங்கள் ஏன் தயங்குகிறீர்கள்?

டேவிட் சைமன் 2014 டிசம்பரில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். மாற்றும் வேலையில் கடைசிக் கட்டத்தில் தாமும் கலந்துகொண்டதைச் சொல்லி, சில காட்சிகள் அகலத்தில் மேம்பட்டிருக்கின்றன, சில இழந்திருக்கின்றன என்று எடுத்துக்காட்டுகளோடு காட்டினார். குறிப்பிட்ட சில வகைகளில் இது தாங்கள் முதலில் எடுத்த படம் அல்ல, என்றாலும் மாற்று வடிவமாக இருக்கத் தகுதி உள்ளது என்பது அவருடைய முடிவின் சாரம். அதில் எனக்கு மறுப்பே இல்லை. மாற்று வடிவம் மூலத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மூலத்தின் இடத்தில் உட்காரக் கூடாது என்பதுதான் என் கவலை. பழைய டிவிடிகள் பழைய பொருள் விலைக்கு விற்கப்பட்டு, கீறல் விழுந்து, குப்பைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அவை போய்விட்டால், தொடர் முதலில் எந்த வடிவத்தில் எடுக்கப்பட்டதோ அதைப் பார்க்க நம் கையில் வழி இருக்காது.

சேலத்துக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்த மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவை ஏற்காடு சாலையில் போகும்போதெல்லாம் பார்க்கிறோம். வளைவுக்குப் பின்னால் இருந்த ஸ்டூடியோ இன்று இல்லை.

டிவிடியைப் போட்டால் முகங்கள் எல்லாம் உப்பலாகத் தெரிகின்றனவே?

டிவிப் பெட்டி படத்தை இழுத்துக் காட்டுகிறது. 4:3 படத்தை அகலத்திரை முழுவதும் நிரப்பினால் ஒவ்வொரு முகமும் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடும். டிவியின் பட அமைப்பில் 'ஃபுல்', 'ஜூம்' என்று இருப்பதை நீக்கி '4:3' அல்லது 'ஒரிஜினல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இருபுறமும் கறுப்புப் பட்டை வரும். பத்து நிமிடத்தில் கண் அதை மறந்துவிடும்.

ஆங்கிலம் புரியுமா? தமிழ் சப்டைட்டில் உண்டா?

தமிழ் சப்டைட்டில் இல்லை. ஆங்கில சப்டைட்டிலைக் கடைசி எபிசோடு வரை போட்டே பாருங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. எங்களில் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கும் அக்காவே முதல் நாள் அரை மணி நேரத்தில் ரிமோட்டைத் தேடினார். பால்டிமோர் தெருப் பேச்சும் காவலர்களின் துறைப் பேச்சும் எந்த விளக்கமும் இல்லாமல் கொட்டுகின்றன. 'கார்னர்' என்பது நம் தெருமுக்குதான். அங்கே நின்று விற்கும் உரிமைக்காகத்தான் தொடர் முழுக்கக் கொலை விழுகிறது. 'ரீ-அப்' என்றால் தீர்ந்த சரக்குக்குப் பதிலாகப் புதுச் சரக்கு வந்து சேர்வது. 'ஹாப்பர்' என்றால் அந்த முக்கில் எடுபிடியாக நிற்கும் சிறுவன். 'பர்னர்' என்றால் சில நாள் பேசிவிட்டுத் தூக்கி எறியும் செல்போன். இவ்வளவு தெரிந்துகொண்டு உட்கார்ந்தால் முதல் சீசனைக் கடந்துவிடலாம்.

இரண்டாவது சீசன் அலுப்பாக இருக்கிறது என்கிறார்களே, தாண்டிவிடலாமா?

தாண்டவே கூடாது. முதல் சீசனில் பழகிய முகங்கள் பின்னுக்குப் போய், திடீரென்று துறைமுகத்துச் சுமைதூக்கும் தொழிலாளர்களும் அவர்களுடைய சங்கமும் முன்னே வருவதால், தொடர் மாறிவிட்டதோ என்று எங்களுக்கும் தோன்றியது. எங்களோடு பார்த்தவர்களில் சேலம் உருக்காலையில் ஷிப்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர் இருக்கிறார். அதுவரை அவர் ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போவார். துறைமுகத்துக்குக் கப்பல் வரத்து குறைந்து, வேலை நாட்கள் சுருங்கி, சங்கத் தலைவர் அந்த வேலையைக் காப்பாற்றுவதற்காகவே கடத்தலுக்குக் கண்ணை மூடிக்கொள்ளும் இடம் வந்ததும், அவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்தத் தலைவர் செய்தது தப்பு என்றும், அவர் இடத்தில் தாம் இருந்தால் என்ன செய்திருப்போம் என்று தெரியவில்லை என்றும் சொன்னார். ஐந்து சீசன்களில் எது சிறந்தது என்று கடைசியில் கேட்டபோது, தயங்காமல் இரண்டாவதைச் சொன்னவர் அவர் ஒருவரே. எனக்கு நான்காவது. பள்ளிச் சிறுவர்கள் நால்வரையும் அந்த ஆண்டு எங்கெங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைப் பார்த்துவிட்டு, அன்றிரவு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யாரும் பேசவில்லை.

உண்மையான போலீஸ் வேலையோடு ஒத்துப்போகிறதா?

இதற்குப் பதில் சொல்லத் தகுதியுள்ளவர் எங்களோடு இருந்த, ஓய்வு பெற்ற காவல் உதவி ஆய்வாளர். துப்பாக்கிச் சண்டையைவிடக் காத்திருப்பதும் கோப்பு எழுதுவதும் அதிகம் வருவதே உண்மைக்கு அருகில் இருக்கிறது என்றார். கொலைப் பிரிவின் சுவரில் ஒரு பலகை தொங்கும். துப்புத் துலங்காத வழக்கில் இறந்தவர் பெயர் சிவப்பிலும், முடிந்த வழக்கின் பெயர் கறுப்பிலும் இருக்கும். சிவப்புக் கூடினால் மேலதிகாரியின் குரல் உயரும். அந்தப் பலகை வரும்போதெல்லாம் அவர் தலையசைப்பார். குற்றம் குறைந்ததாகக் காட்டப் புள்ளிவிவரத்தை மாற்றி எழுதச் சொல்லும் கூட்டங்களைப் பற்றி அவரிடம் கேட்டேன். பதிலைத் தனியாக என்னிடம் சொன்னார், அதை இங்கே எழுதமாட்டேன்.

ஒட்டுக்கேட்கும் முறையில் மட்டும் நம் நாட்டோடு ஒப்பிடக் கூடாது என்றார். தொடரில் வேறு வழிகளில் முயன்று பார்த்துவிட்டோம் என்று நீதிபதியிடம் காட்டிய பிறகே அனுமதி கிடைக்கிறது. நம் நாட்டில் 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம், பிரிவு 5(2)-இன்படி உள்துறைச் செயலர்தான் ஆணை பிறப்பித்துவந்தார், அதற்கான நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 1996-இல் வகுத்தது. முதல் சீசன் முழுவதும் பேஜரும் காசு போட்டுப் பேசும் தொலைபேசியும்தான். கும்பல் ஒவ்வோர் எண்ணையும் பொத்தான் பலகையில் ஐந்தைத் தாண்டி எதிரே உள்ள எண்ணாக மாற்றி அனுப்பும். ஒன்று ஒன்பதாகும், ஐந்தும் பூஜ்யமும் ஒன்றுக்கொன்று இடம் மாறும். பழைய பேருந்து நிலையத்தில் மஞ்சள் பூத்துகளில் ரூபாய் நாணயத்தோடு வரிசையில் நின்றவர்களுக்கு அந்த உலகம் அந்நியமாகத் தெரியாது.

குடும்பத்தோடு பார்க்கலாமா?

கூடாது. வசையும் வன்முறையும் போதைப்பழக்கமும் பாலியல் காட்சிகளும் தாராளமாக உண்டு. முதல் சீசனின் நான்காவது எபிசோடில், இரண்டு துப்பறிவாளர்கள் ஒரு பழைய கொலை நடந்த சமையலறையை ஆராயும் நீண்ட காட்சி முழுவதும் ஒரே வசைச்சொல்லை வெவ்வேறு தொனிகளில் மட்டுமே பேசுகிறார்கள். அற்புதமான காட்சி, அப்பா அம்மா பக்கத்தில் இருக்கும்போது பார்க்கக் கூடாத காட்சி.

வெளிநாட்டு உறவினர் வாங்கி அனுப்பும் வட்டு நம் பிளேயரில் ஓடுமா?

வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. வட்டுக்கும் பிளேயருக்கும் விற்கப்படும் நாட்டைப் பொறுத்து ஒரு மண்டலக் குறி உண்டு, இரண்டும் பொருந்தாவிட்டால் வட்டு ஓடாமல் போகலாம். டிவிடியில் அமெரிக்கா மண்டலம் 1, பிரிட்டன் 2, இந்தியா 5. ப்ளூ-ரேயில் அமெரிக்கா ஏ, பிரிட்டன் பி, இந்தியா சி. அட்டையின் பின்புறத்தில் உள்ள குறியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, உங்கள் பிளேயரோடு ஒப்பிட்டுவிட்டுப் பிறகு பணத்தைக் கொடுங்கள். பிரிட்டன் டிவிடியில் இன்னொரு குறையும் உண்டு. நொடிக்கு 24 சட்டகங்களாக எடுத்த ஃபிலிமை அங்குள்ள 'பால்' (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்காக 25 ஆக ஓட்டுகிறார்கள். ஒரு மணி நேரப் படம் 57 நிமிடம் 36 நொடியில் முடிந்துவிடும். எல்லார் குரலும் ஒரு துளி மேலேறி ஒலிக்கும். பெரும்பாலோர் கவனிக்கமாட்டார்கள். சுருதி பிடித்துப் பழகியவர்களை இது உறுத்தும்.

கூடுதல் பகுதிகள் பார்க்கத் தகுந்தவையா?

எபிசோடுகளுக்கு மேல் ஓடும் விளக்கப் பேச்சுகளும், தயாரிப்பைப் பற்றிய ஆவணப்படங்களும் உள்ளன. ப்ளூ-ரேயில் நடிகர்களும் படைப்பாளிகளும் 2014-இல் மீண்டும் ஒரே மேடையில் கூடிய நிகழ்ச்சியும் சேர்ந்திருக்கிறது. ஓமார் என்ற பாத்திரத்தில் நடித்த மைக்கேல் கே. வில்லியம்ஸ் 2021-லும், டேனியல்ஸாக நடித்த லான்ஸ் ரெட்டிக் 2023-லும் மறைந்துவிட்டார்கள் என்பதால் அதை இப்போது பார்க்க மனம் கனக்கிறது. ஆனால் விளக்கப் பேச்சை முதல் முறை கேட்காதீர்கள். பின்னால் வரும் மரணங்களை அவர்கள் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள்.

ஏற்காட்டில் வசிக்கிறோம், வட்டுகளில் வெள்ளையாகப் பூத்துவிடுகிறதே?

பூஞ்சைதான். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மாதக்கணக்கில் மூடுபனி வீட்டுக்குள் வந்துபோகும் இடத்தில் இது தவிர்க்க முடியாத தொல்லை. இந்தத் தொகுப்புகளின் காகித அட்டைப் பெட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதால், அதை அலமாரியில் அழகுக்கு வைத்துவிட்டு, வட்டுகளைத் தனித்தனிப் பிளாஸ்டிக் உறைகளில் போட்டு, மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு செங்குத்தாக நிறுத்திவையுங்கள். பூத்த வட்டை மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் படம் ஓடும் தடத்தோடேயே போய் வட்டைக் கெடுத்துவிடும். சேலத்துக்காரர்களுக்கு வெயிலே எதிரி. சித்திரையில் காருக்குள் விட்டுவந்த ஒரு டிவிடி எங்களுக்கு வளைந்து கிடைத்தது.

இணையத்தில் பார்க்க முடியும்போது வட்டு எதற்கு?

நாங்களும் இணையத்தில்தான் தொடங்கினோம். மூன்றாவது சீசனின் நடுவில் இருந்தபோது, நாங்கள் சந்தா கட்டியிருந்த சேவையிலிருந்து தொடர் ஒரே இரவில் நீங்கிவிட்டது. பிறகு வேறொரு சேவைக்கு வந்தது என்றாலும், அந்த இடைவெளியில்தான் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வட்டுத் தொகுப்புகளை வாங்கினோம். இணையத்தில் நாங்கள் பார்த்தது அகலமான வடிவத்தைத்தான். பழைய 4:3 வடிவத்தை எங்களுக்குக் காட்டியது டிவிடி மட்டுமே.

அப்படியானால் எதை வாங்கலாம்?

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், முதல் முறை பார்ப்பவருக்கு டிவிடியைச் சொல்வேன். எங்கள் குழுவில் நால்வர் இதை ஏற்கமாட்டார்கள். 55 அங்குலத் திரை வைத்திருப்பவருக்கு டிவிடி மங்கலாகத்தான் தெரியும் என்பது அவர்கள் பேச்சு, அதிலும் நியாயம் உண்டு. திரை பெரிது என்றால் ஒரு நாற்காலி தூரம் பின்னால் தள்ளி உட்காருங்கள். ஏற்கெனவே ஒரு முறை பார்த்தவர் ப்ளூ-ரேயைத் தாராளமாக வாங்கலாம். லெஸ்டரின் கைகளுக்காகவே வாங்கலாம்.

உங்கள் தொகுப்பை இரவல் தருவீர்களா?

தருவோம். ஒரு நேரத்தில் ஒரு சீசன் மட்டும், முந்தையதைத் திருப்பிக் கொடுத்த பிறகு அடுத்தது. டிவிடியின் நான்காவது சீசன் இப்போது ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்து வீட்டில் இருக்கிறது. மழை முடிந்ததும் கீழே வந்துவிடும்.